அந்தப் பையன் அப்புறம் என்ன ஆனான்?

பொழிச்சலூரில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில், விமானம் தாழப் பறந்தால் பாடம் நின்றுவிடும். மீனம்பாக்கம் ஓடுபாதை பக்கத்திலேயே இருப்பதால் யாரும் கத்திப் பிரயோஜனமில்லை. சத்தம் அடங்கும்வரை பிள்ளைகள் பென்சிலைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம், அப்படி ஒரு விமானம் கடந்துகொண்டிருந்தபோதுதான் அந்த அம்மா உள்ளே வந்தார். கையில் அட்டை கிழிந்த ஒரு மாத நாவல். சத்தம் குறைந்ததும் அதை மேசைமேல் வைத்தார்.

"இத நீங்கதான் குடுத்தீங்களா மிஸ்?"

நான்தான் கொடுத்தேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய புத்தகக் குவியலிலிருந்து பத்து ரூபாய்க்கு எடுத்து, வகுப்பின் அலமாரியில் வைத்திருந்தவற்றில் அதுவும் ஒன்று. அவர் மகள் எட்டாம் வகுப்பு. வயது 13. வேறு எந்தப் புத்தகத்தையும் பத்துப் பக்கத்துக்கு மேல் படிக்காத பெண், அதை இரண்டு நாளில் முடித்தாள் என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"கொல, ரத்தம்னு இருக்குது. நீங்க படிச்சவங்க. சின்னப் புள்ளைக்கு இதக் குடுக்கலாமா?"

இன்னொரு விமானம் வந்தது. அது போனபிறகும் என்னிடம் பதில் இல்லை. "நாளைக்கு வீட்டுக்கு வர்றேன்க்கா" என்று மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து அந்தப் பெண் வகுப்புக்கு வரவில்லை.

தோழர்களே, உங்களில் பலர் உங்கள் பகுதியில் படிப்பகமோ இரவுப் பாடசாலையோ நடத்துகிறீர்கள். இந்தக் கேள்வி உங்களிடமும் ஒருநாள் வரும். பெரியவர்களுக்கு எழுதப்பட்ட குற்றக் கதைகளைப் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் கொடுக்கலாமா? எனக்குக் கிடைத்த பதிலை, அது கிடைத்த வழியோடு சேர்த்தே எழுதுகிறேன். அந்த அம்மாவும் மகளும் படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகுதான் இதை வெளியிடுகிறேன்.

முதலில் என் பக்கத்துக் கதை. என் அப்பா நாகல்கேணியில் ஒரு தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தவர். ஐந்தாவது வரைதான் படித்தார். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் மாதாமாதம் எங்கள் வீட்டுக்குக் க்ரைம் நாவல் வந்தது. கம்பெனியில் ஏழெட்டுப் பேர் காசு போட்டு ஒன்று வாங்குவார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். எல்லாரும் முடித்தபிறகு அது எங்கள் வீட்டுக்கு வரும்போது பக்கங்களில் சுண்ணாம்பு வாசமும் தோல் வாசமும் இருக்கும். அட்டையில் இருக்கும் பெண் படத்தை மறைக்க அம்மா தினத்தந்தியை மடித்து அட்டை போட்டுவிடுவார். அதோடு அவருடைய தணிக்கை முடிந்தது.

2000ஆம் ஆண்டு எனக்கு 12 வயது. நான் படித்த பள்ளியில் நூலகம் என்பது பூட்டிய இரும்பு பீரோ. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. சிறுவர் புத்தகங்கள் வாங்க வீட்டில் காசில்லை. அதனால் என் வாசிப்பு ராஜேஷ்குமாரின் விவேக் – ரூபலாவில் தொடங்கியது. பிறகு பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் – சுசீலா, சுபாவின் நரேந்திரன் – வைஜயந்தி, சுஜாதாவின் கணேஷ் – வசந்த். பின்னாளில் சமூகவியல் முதுகலை படிக்கும்போது அம்பேத்கரின் தொகுதிகளை ஒரே இருப்பில் நூறு பக்கம் படிக்கிற பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அந்தச் சுண்ணாம்பு வாசப் புத்தகங்களிலிருந்துதான் வந்தது என்று கூச்சமில்லாமல் சொல்வேன். ஒரு தகவல் வந்தால் "யார் சொன்னது, பார்த்தவர் யார், அவருக்கு இதில் என்ன லாபம்" என்று கேட்கக் கற்றுக்கொடுத்ததும் அவைதான்.

ஆகவே மறுநாள் அந்த அம்மா வீட்டுக்குப் போகும்போது நான் வாதத்தோடு போனேன். ரத்தம் பார்த்தால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்பதெல்லாம் மேட்டுக்குடிக் கவலை, நம் தெருவில் நடக்காததா கதையில் நடந்துவிட்டது என்று பேசத் தயாராக இருந்தேன். அந்த வாதத்துக்கு வேலையே இருக்கவில்லை.

அவர் மகளைக் கடைக்கு அனுப்பிவிட்டுப் பேசினார். அவருடைய தம்பியும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு செல்போன் திருட்டுக்காக அந்தத் தம்பியை இரவில் தூக்கிக்கொண்டு போனார்கள். எந்த ஸ்டேஷன் என்பது இங்கே வேண்டாம். இரண்டு ராத்திரி வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் வேறு ஒருவன் போனோடு அகப்பட்டதும் "போடா" என்று அனுப்பிவிட்டார்கள். எஃப்.ஐ.ஆர். கிடையாது, எந்தத் தாளும் கிடையாது. உள்ளங்காலில் வாங்கிய அடியால் அவரால் இன்றுவரை நெடுநேரம் நிற்க முடியாது. சரக்கு ஏற்றும் வேலையை விட்டுவிட்டார். அப்போது பத்து வயதாக இருந்த மகளிடம், மாமா வண்டியிலிருந்து விழுந்துவிட்டார் என்று சொல்லியிருந்தார்கள்.

நான் கொடுத்த நாவலில் என்ன இருந்தது? தொழிலதிபர் ஒருவர் கொலை. முதல் சந்தேகம், அந்தத் தெருவில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு குப்பத்துப் பையன்மேல். போலீஸ் அவனைக் கொண்டுவந்து உள்ளங்காலில் லத்தியால் அடிக்கிறது. வெளியே தெரிகிற காயம் வராது என்று ஒரு காவலர் விளக்குகிறார். பையன் "நான்தான் சார் பண்ணேன்" என்று அலறுகிறான். துப்பறிகிற நாயகன் வந்து, இவன் செய்திருக்க முடியாது என்று நேரக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறான். பையன் நொண்டிக்கொண்டே போகிறான். இரண்டு பக்கம். அதோடு அவன் கதையில் இல்லை. கடைசியில் கொலைகாரன் தொழிலதிபரின் பங்குதாரர். நாவலின் பெயரையும் எழுதியவரின் பெயரையும் நான் சொல்லாததற்குக் காரணம் உண்டு. இந்த இரண்டு பக்கம் நூறு கதைகளில் நூறு விதமாக வந்திருக்கிறது.

அந்தப் பெண் புத்தகத்தை முடித்துவிட்டு அம்மாவிடம் வந்து கேட்டிருக்கிறாள்: "இந்தப் பையன் அப்புறம் என்னம்மா ஆனான்? எந்தப் பக்கத்துலயும் காணோமே." அம்மா ஏதோ சொல்லி மழுப்பியிருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து அவள் இரண்டாவது கேள்வியைக் கேட்டாள்: "மாமா நெஜமாவே வண்டியிலிருந்து விழுந்தாராம்மா?"

"நாங்க சொல்லாம மறச்சி வச்சத உங்க புத்தகம் சொல்லிடுச்சி மிஸ்" என்றார் அந்த அம்மா. "அவ கேக்கறப்ப தம்பி உள்ள படுத்துட்டிருந்தான். காதுல வாங்கிட்டான். எழுந்து வெளிய போயிட்டான். ராத்திரிதான் வந்தான்."

வீடு திரும்பும் வழியில் எனக்கு என்மேலேயே கோபம். நூற்றுக்கணக்கான க்ரைம் நாவல்களைப் படித்தவள் நான். அந்தக் குப்பத்துப் பையன் அப்புறம் என்ன ஆனான் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. எப்போதும் துப்பறிபவனோடு ஜீப்பில் உட்கார்ந்துதான் கதையைப் பார்த்தேன். அந்தப் பையனைத் தாண்டித்தான் நானும் அடுத்த பக்கத்துக்குப் போனேன். என் அப்பாவும் அவருடைய கம்பெனிக்காரர்களும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். அந்த நாவல்களில் எங்களைப்போன்றவர்கள் வாட்ச்மேனாக, வேலைக்காரியாக, ரவுடியாக, முதல் சந்தேக நபராக வந்துபோனார்கள். அதை ஒரு குறையாகக்கூட நாங்கள் நினைக்கவில்லை.

பிள்ளைகளுக்கு எது ஏற்றது என்று முடிவு செய்தவர்கள் இதுவரை எதைக் கணக்கெடுத்தார்கள் என்று தேடிப் பார்த்தேன். நம் நாட்டில் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். 1956ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய, இளம் வயதினருக்குத் தீங்கான வெளியீடுகள் பற்றிய சட்டம். குற்றம், வன்முறை, கொடூரம், அருவருப்பான சம்பவங்கள் ஆகியவற்றை முழுதாகவோ பெரும்பாலுமோ சொல்லி, இளைஞரைக் கெடுக்கும் தன்மையுள்ள கதைப் புத்தகத்தை விற்பதும் அச்சிடுவதும் குற்றம். ஆறு மாதம் வரை சிறை. இதில் இளம் வயதினர் என்றால் 20 வயதுக்குக் குறைந்தவர். இதோடு இன்னொரு சட்டத்தை வைத்துப் பாருங்கள். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, கொடுங்குற்றம் என்றால் 16 வயதுப் பிள்ளையைக்கூடப் பெரியவராகக் கருதி விசாரிக்க வழியுண்டு. கொலைக் கதை படிக்க 19 வயது போதாது. கூண்டில் நிற்க 16 வயது போதும்.

1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் 1955ல் ஏறக்குறைய இதே சொற்களோடு ஒரு சட்டம் வந்தது. அதற்கு முன்னால் 1954ல் அமெரிக்க செனட் குழு க்ரைம் காமிக்ஸ்களை விசாரித்தது. அங்கே முக்கியச் சாட்சி, மனநல மருத்துவர் பிரெட்ரிக் வெர்தாம். காமிக்ஸ் படித்துப் பிள்ளைகள் குற்றவாளி ஆகிறார்கள் என்று அந்த வருடம் புத்தகமே எழுதினார். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின ஏழைகளுக்காக மனநல மருத்துவமனை நடத்தியவர். கறுப்பினக் குழந்தைகளைத் தனிப் பள்ளியில் ஒதுக்குவது அவர்கள் மனதை எப்படிச் சிதைக்கிறது என்று டெலாவேர் மாநில வழக்கில் சாட்சி சொன்னவர். அந்த வழக்கும் சேர்ந்துதான் 1954ல் பள்ளி ஒதுக்கலை ஒழித்த புகழ்பெற்ற தீர்ப்பு வந்தது. பிள்ளைகள்மேல் உண்மையான அக்கறை உள்ளவர். ஆனால் 2012ல் கேரல் டில்லி என்ற நூலக அறிவியல் ஆய்வாளர் வெர்தாமின் கோப்புகளைப் படித்துப் பார்த்தபோது, பிள்ளைகள் சொன்னதை அவர் மாற்றியும் வெட்டி ஒட்டியும் எழுதியிருந்தது தெரிந்தது. அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையிலிருந்த மற்ற காரணங்களை விட்டுவிட்டு, கையிலிருந்த காமிக்ஸை முன்னே நிறுத்தியிருந்தார்.

அந்த விசாரணைக்குப் பயந்து பதிப்பாளர்களே ஒரு தணிக்கைக் குழுவை அமைத்துக்கொண்டார்கள். 1956ல் அந்தக் குழுவிடம் ஒரு விண்வெளிக் கதை போனது. ஆரஞ்சு நிற ரோபோக்கள் நீல நிற ரோபோக்களை ஒதுக்கிவைத்திருக்கும் கிரகம். அதைச் சோதிக்கப் பூமியிலிருந்து போன அதிகாரி, இன்னும் நீங்கள் தகுதி பெறவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறார். கடைசிப் படத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் ஒரு கறுப்பர். கதையில் கொலை இல்லை, ரத்தம் இல்லை. ஆனால் அதிகாரி கறுப்பராக இருக்கக் கூடாது என்றது தணிக்கைத் தரப்பு. பதிப்பாளர் மறுத்துவிட்டு அப்படியே வெளியிட்டார். பிள்ளைகளை ரத்தத்திலிருந்து காப்பாற்றப் போட்ட வேலி எங்கே போய் நின்றது பாருங்கள்.

நம் ஊரிலும் இது நடந்தது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' குற்றக் கதை இல்லை. ஆனால் ஏற்றது, ஏற்காதது என்ற பேச்சு எப்படி முடியும் என்று அது காட்டியது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் அந்த நாவலை எரித்தார்கள். தங்கள் சாதிப் பெண்களையும் அர்த்தநாரீசுவரர் கோயிலையும் இழிவுபடுத்திவிட்டது என்றார்கள். 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்க நேர்ந்தது. அவர் மீண்டும் எழுத வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2016 ஜூலையில். இடையில், 2015 ஜூனில், அதே திருச்செங்கோட்டில், அதே கோயிலிலிருந்து கோகுல்ராஜ் என்ற தலித் இளைஞர் கடத்திச் செல்லப்பட்டார். வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்ததுதான் அவர் செய்தது. மறுநாள் தண்டவாளத்தில் உடல். தற்கொலை என்று காட்டப் பார்த்தார்கள். கோயிலின் கண்காணிப்பு கேமராப் பதிவுதான் கொலையாளிகளைக் காட்டிக்கொடுத்தது. 2022ல் மதுரை நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்டோருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதற்குமுன் நீதிபதிகளே அந்த இடங்களுக்கு நேரில் போய்ப் பார்த்தார்கள். கதையை எரிக்கக் கூடியது ஓர் ஊர்க் கூட்டம். கொலையை நிரூபிக்க ஒரு தாய் எட்டு வருடம் நீதிமன்றம் நீதிமன்றமாக அலைய வேண்டியிருந்தது.

எங்கள் வகுப்பில் உதவும் ஒரு கல்லூரித் தம்பி, "இந்த மாதிரி நாவல் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடலாம்க்கா, நம்மள திருடனா காட்டறதுக்கு நாம ஏன் எடம் குடுக்கணும்" என்றார். அவர் கோபம் நியாயம். 1871ல் ஆங்கிலேயர் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1911ல் சென்னை மாகாணத்துக்கும் வந்து, பிறப்பை வைத்தே ஒருவரைத் திருடர் என்று பதிவு செய்தது. சட்டம் போய்விட்டது, அந்தப் பார்வை கதைகளில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் தடை என்ற ஆயுதத்தை எடுத்தால் அது யார் கையில் போய்ச் சேரும் என்று திருச்செங்கோடு சொல்லிவிட்டது. நாம் கேட்டு எடுக்கப்பட்ட புத்தகத்தைவிட, நம்மைப் பற்றியது என்பதால் எடுக்கப்படும் புத்தகமே அதிகமாக இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. குற்றம் என்பது நம் பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் முதன்முதலாக வருவதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த தலித் மாணவரை அவரோடு படித்த ஆதிக்க சாதி மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அந்தச் செய்தி நம் வீட்டுப் பிள்ளைகளின் செல்போனில் படத்தோடு வந்தது. அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிறு, பள்ளிப் பெயரில் இருக்கும் சாதி ஆகியவற்றை அகற்றச் சொன்னது. வெட்டுப்பட்ட மாணவர் அடுத்த வருடம் 600க்கு 469 மதிப்பெண் எடுத்தார். இப்படி ஒரு நாட்டில், "கதையில் ரத்தம் இருக்கிறது" என்பதை மட்டும் கேள்வியாக்கிக்கொண்டிருக்க முடியாது.

அதற்காக அந்த அம்மாவின் கேள்வி தவறு என்று ஆகிவிடாது. அவர் சொன்னதை நான் பல நாள் யோசித்தேன். புத்தகம் பொய் சொல்லவில்லை. அடித்தால் செய்யாத குற்றத்தையும் ஒருவன் ஒப்புக்கொள்வான் என்ற உண்மையை அந்த இரண்டு பக்கம் போகிற போக்கில் சொல்லிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு வீட்டிலிருந்த பொய்யைக் கண்டுபிடித்தது அந்தப் பெண். அந்த நாவலில் உருப்படியாகத் துப்பறிந்தவள் அவள்தான். ஆனால் கண்டுபிடித்த நேரத்தில் அவள் பக்கத்தில் யாரும் இல்லை. புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, எத்தனை பக்கம் முடித்தாள் என்று மட்டும் நான் கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன். என் தவறு அதுதான்.

மூன்று வாரம் கழித்து, அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, அந்த நாவலை வகுப்பில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் ஏழு பிள்ளைகளோடு மறுபடி படித்தோம். அவளும் வந்தாள். அவள் மாமாவைப் பற்றி நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. அந்த இரண்டு பக்கத்தில் போலீஸ் என்னென்ன சட்டத்தை மீறியது என்று கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு.

சட்டத்தை நான் கொண்டுபோனேன். கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு. 1996 டிசம்பரில் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 11 கட்டளைகள் போட்டது. கைது செய்பவரின் சட்டையில் பெயர் தெரிய வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, அதில் குடும்பத்தவரோ அந்தப் பகுதிக்காரர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவரை லாக்கப்பில் வைக்கவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. அந்த வாக்குமூலத்தை வைத்து ஏதாவது பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் விதிவிலக்கு. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் இருந்தது இது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இருக்கிறது.

பிள்ளைகள் பேனாவை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினார்கள். எட்டு மீறல் என்றான் ஒருவன். ஒன்பது என்றாள் இன்னொருத்தி. அப்போது அந்தப் பெண் கடைசி அத்தியாயத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அங்கேயும் பங்குதாரர் இன்ஸ்பெக்டர் முன்னால் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதோடுதான் கதை முடிகிறது.

"அப்ப இவரு ஒத்துக்கினதும் செல்லாதேக்கா. கத முடியவே இல்லியே" என்றாள்.

இத்தனை வருடம் படித்து எனக்குத் தோன்றாதது.

வீட்டுக்குப் போய் எழுதிக்கொண்டு வாருங்கள், அந்தப் பையன் அப்புறம் என்ன ஆனான் என்று சொன்னேன். ஏழு பேரும் எழுதினார்கள். ஒருவன் கதையில் பையன் வளர்ந்து இன்ஸ்பெக்டர் ஆனான். ஒருத்தி கதையில் வக்கீல் ஒருவர் வந்தார். 'ஜெய் பீம்' படம் பார்த்திருக்கிறாள். அந்தப் படத்துக்கு அடிப்படையான ராஜாக்கண்ணு 1993ல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்டவர் என்பதையும், அவர் மனைவி விடாமல் வழக்கு நடத்திப் போலீஸாருக்குத் தண்டனை வாங்கிக்கொடுத்ததையும் அன்று பேசினோம். அந்தப் பெண் எழுதியது ஒன்றரைப் பக்கம். அதில் பையனுக்கு அக்கா ஒருத்தி இருக்கிறாள். அவள் ஸ்டேஷன் வாசலில் நின்று, கைதுக் குறிப்பில் யார் கையெழுத்துப் போட்டது என்று கேட்கிறாள். உள்ளே இருப்பவர்கள் பதில் சொல்லவில்லை. அவள் நின்றுகொண்டே இருக்கிறாள். அங்கே முடித்திருந்தாள்.

அப்படியானால் எல்லாவற்றையும் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். மாட்டேன். பெண்மேல் நடக்கும் வன்கொடுமையை ரசிக்கச் சொல்லி விவரிக்கும் கதைகளை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன். அப்படிப்பட்டவை நிறையவே இருந்தன. தற்கொலை செய்யும் முறையைப் படிப்படியாகச் சொல்வதையும் எடுத்துவிட்டேன். ஆட்டோ ஓட்டுநர் மு.சந்திரகுமார் குண்டூரில் தான் அனுபவித்த போலீஸ் சித்திரவதையை எழுதிய 'லாக்கப்', 'விசாரணை' படத்தின் மூலம். சந்தேகிக்கப்பட்டவனே சொல்லும் கதை என்பதால் எனக்கு மிக முக்கியமான புத்தகம். ஆனாலும் அதைப் பத்தாவது முடித்தவர்களுக்குத்தான் கொடுக்கிறேன், அதுவும் சேர்ந்து படிக்க. வயது என்பது பொருட்டே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை.

மற்ற குற்றக் கதைகளை இப்போதும் கொடுக்கிறேன். கொடுக்கும்போது உள் அட்டையில் மூன்று கேள்விகளை ஒட்டிவிடுகிறேன். இந்தக் கதையில் முதலில் யாரைச் சந்தேகப்பட்டார்கள், ஏன்? அடி வாங்கியவர் யார், அதற்கு யாராவது பதில் சொன்னார்களா? நம் தெருக்காரர் யாராவது இதில் வருகிறார்களா, வந்தால் என்ன வேலையாக வருகிறார்? புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அரை மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். இது பிள்ளைக்கு மட்டும் இல்லை, எனக்கும் சேர்த்து விதி. அந்த அரை மணி நேரம் என்னிடம் இல்லாத வாரத்தில் புத்தகம் கொடுப்பதில்லை. படிப்பகம் நடத்தும் தோழர்களிடம் நான் கேட்பதும் இதைத்தான். அலமாரியை நிரப்புவது எளிது. பக்கத்தில் உட்கார ஆள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அந்த அம்மாவுக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. "படிக்கட்டும். வீட்டுக்கு மட்டும் எடுத்துட்டு வர வேணாம்" என்றிருக்கிறார். அவர் தம்பி எதிரில் அந்தப் புத்தகங்கள் கிடப்பதை அவர் விரும்பவில்லை. நான் மறுத்துப் பேசவில்லை.

ஆனால் அந்த ஒன்றரைப் பக்கம் வீட்டுக்குப் போயிருக்கிறது. அவளே மாமாவிடம் வாசித்துக் காட்டியிருக்கிறாள். போன மாதம்தான் என்னிடம் சொன்னாள். அவர் முழுதும் கேட்டாராம். ஒன்றும் சொல்லவில்லையாம். கொஞ்ச நேரம் கழித்து, "பேர மட்டும் மாத்திடு பாப்பா" என்றாராம். அவள் அந்தப் பையனுக்கு வைத்திருந்தது மாமாவின் பெயர்.

மாற்றிவிட்டாள்.

ஜெய்பீம்.